கடன் கொடுத்தாயிற்று, வாங்குவது யார்?

மகளிர் குழுக்களுக்குக் கடன் வழங்கும் விழா என்றால் மேடையில் முதலில் வாசிக்கப்படுவது தொகைதான்: இத்தனை குழுக்கள், இத்தனை கோடி. அந்தப் பணத்தில் தொடங்கிய தொழில்களில் எத்தனை இரண்டாம் ஆண்டைத் தாண்டின, எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கின்றன என்ற கணக்கை அவ்வளவு உரக்க யாரும் வாசிப்பதில்லை. 2013-14இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் ஏறத்தாழ 80 லட்சம். மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கே முதலிடம். பெருமைதான். ஆனால் நாடு முழுவதிலும் அவற்றில் 100க்கு 83இல் கூலிக்கு ஓர் ஆள்கூட இல்லை. பிற்பாடு வந்த தொழிலாளர் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. வேலை பார்க்கும் பெண்களில் சுயதொழில் செய்வோர் 2017-18இல் பாதியைச் சற்றே தாண்டியிருந்தார்கள். 2023-24இல் மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டார்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டுத் தொழிலில் ஊதியமில்லாமல் கைகொடுப்பவர்கள். வேறு வேலை கிடைக்காமல் தனக்குத் தானே தேடிக்கொண்ட வேலையையும் தொழில்முனைவு என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கடன் போதவில்லை, இன்னும் கொடுங்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து. அந்த மருந்து பலிக்குமா என்று பார்க்க உதவும் ஓர் ஆய்வு 2005இல் இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கியது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் சிறுதொழில் செய்வோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 10,000 அல்லது 20,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைத் திருப்பிக் கேட்காமல் கொடுத்தார்கள். ஆண்கள் நடத்திய தொழில்களில் லாபம் நன்றாகவே கூடியது. பெண்களின் தொழில்களில் சராசரியாக எதுவும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று முடிவுகட்ட நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட வேறொரு குழு அதே தரவுகளை வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தது. வீட்டில் கணவனுக்கும் தொழில் இருந்தால், மனைவி பெயரில் வந்த பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. வீட்டின் ஒரே தொழிலைப் பெண் நடத்திய இடங்களில் லாபம் ஆண்களுக்கு நிகராகவே உயர்ந்தது. திறமைக்குக் குறைவில்லை. கைக்கு வந்த பணம் கையில் தங்காததுதான் குறை.

இன்னொரு குறை, என் கணிப்பில் அதைவிடப் பெரியது: பொருளை வாங்க ஆளில்லை. ஒரு தெருவில் பத்துப் பேருக்குத் தையல் பயிற்சி, பத்துப் பேருக்கும் கடன் என்றால், அந்தத் தெருவில் பத்து ரவிக்கைக்குப் பதிலாக நூறு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போவதில்லை. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளச் சங்கத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறோம். அங்கே கடனைவிட ஏற்பாடுதான் பாடம். பிசைந்த மாவை வாங்கிப் போய் வீட்டில் தேய்த்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தால், எடைக்கு ஏற்பக் கூலி கைக்கு வரும். விற்கிற கவலை சங்கத்துடையது. நம்மிடமும் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்னொன்று. சமையல் பொறுப்பு சுய உதவிக் குழுப் பெண்களுடையது. காலையில் சாப்பிடப் பிள்ளைகள் வருவார்கள் என்பது அங்கே உறுதி.

அரசே வாங்கிக்கொண்டிருந்தால் போட்டி இருக்காது, தரம் கெடும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கும் அரசுதானே வாடிக்கையாளர்? தரத்தைச் சோதித்து வாங்குவது அங்கே முடியுமென்றால் இங்கேயும் முடியும். கடன் வந்ததால்தான் கந்துவட்டிக்காரர்களிடமிருந்து பெண்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்வார்கள். மறுக்க மாட்டேன். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் வீட்டாரின் மருத்துவச் செலவுக்கும் குழுக் கடன் கைகொடுத்திருக்கிறது. அது பெரிய காரியம். ஆனால் அவசரத்துக்கு உதவிய பணத்தைத் தொழில் வளர்ச்சியின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தொழில் தொடங்கக் கடன் வாங்கும் இளைஞர்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேரும். கல்லூரி முடித்தவுடன் தொழில் தொடங்கு என்று இருபத்தோரு வயதுக்காரரைக் கடனாளி ஆக்குவதைவிட, நல்ல சம்பளத்தில் நாலைந்து வருடம் வேலை பார்க்க வழிசெய்வது மேல். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் தொழிலாளியாக உள்ளே நுழைந்தவர்கள். சரக்கு யாரிடம் வாங்குவது, யாரிடம் விற்பது என்பதை வேலையிலேயே கற்றவர்கள். அதே கம்பெனிகளில் அதே வேலை பார்த்த பெண்களில் அப்படி மேலே வந்தவர்கள் மிகக் குறைவு. பிள்ளையை விட்டுவர ஒரு காப்பகம், பாதுகாப்பான விடுதி, இரவில் வீடு திரும்ப ஒரு பேருந்து, மேற்பார்வையாளர் பதவி ஆகியவற்றில் எது கிடைக்காமல் அவர்கள் நின்றார்கள் என்பதைத் தேடினால், அடுத்த திட்டத்துக்கான பட்டியல் தானாகவே கிடைக்கும்.

வாங்குவது யார் என்ற கேள்விக்குத் திரும்புவோம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்களின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்டால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஐம்பதாயிரம் முதலோடு ஓடும் குழுவுக்கு மூன்று மாதம் பணம் நின்றால் அதுவே முடிவு. ஆகவே அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கடன் விழாவில் இன்னும் இரண்டு எண்களையும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் மாவட்ட அலுவலகங்கள் இந்த ஆண்டு பெண்களிடமும் இளைஞர்களிடமும் எவ்வளவுக்குப் பொருள் வாங்கின? அந்தப் பணம் எத்தனை நாளில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது?