பழி நீலத்தின் மேல்

என் பேத்திக்கு ஒன்பது வயது. போன மாதம் அவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. கண்ணில் கோளாறு இருந்து வந்ததல்ல. கோளாறு வராமலிருக்க வந்தது. ‘ப்ளூ கட்’ என்று அதற்குப் பெயர். செல்போனிலிருந்து வருகிற நீல ஒளியை அது தடுத்து நிறுத்திவிடுமாம்.

கடைக்கு நானும்தான் போயிருந்தேன். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு சின்ன விளக்கை எடுத்தார். சாதாரணக் கண்ணாடி வழியாக அடித்தார். அட்டையில் நீலப் புள்ளி விழுந்தது. ‘ப்ளூ கட்’ வழியாக அடித்தார்; புள்ளியைக் காணோம்! “பார்த்தீங்களா ஸார்?” என்றார். என் மகள் அந்த க்ஷணமே பணத்தை எடுத்துவிட்டாள்.

இந்த வித்தையின் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இப்படிப்பட்ட பேனா விளக்குகள் உமிழ்வது பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா. திரைகளில் எரிகிற நீலமோ 450-ஐ ஒட்டியது. அதில் பெரும் பகுதியை இந்தக் கண்ணாடிகள் ‘வா’ என்று உள்ளே விட்டுவிடுகின்றன. நீல ஒளியில் அவை சாதாரணமாகத் தடுப்பது 10 முதல் 25 சதவிகிதந்தான். முழுக்கத் தடுத்தால் உலகமே மஞ்சளாகத் தெரியும். அதை யார் வாங்குவார்கள்? திருடன் ஒருவன், பிடித்துக் காட்டியது வேறொருவனை.

அந்தத் திருடனாவது மெய்யான திருடனா? திரையிலிருந்து நம் கண்ணுக்கு வருகிற நீலம், பகல் வெளிச்சத்திலிருந்து வருவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 2023-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 17 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் வேலையால் வருகிற கண் சோர்வை இந்தக் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. இங்கிலாந்தில் இதைப் பற்றி மிகைப்படுத்தி விளம்பரம் செய்த ஒரு பெரிய கம்பெனிக்கு 2017-லேயே 40,000 பவுன் அபராதம் விழுந்தது. நம் ஊரில் பேனா விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

“கெடுதல் ஒன்றும் இல்லையே அப்பா, இருந்துவிட்டுப் போகட்டுமே” என்கிறாள் மகள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கண்ணாடி வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: செல்போன் அரை மணி நேரம். கண்ணாடி வந்தது, சட்டம் போயிற்று. “அதுதான் போட்டுக்கொண்டு பார்க்கிறாளே!” என்கிறார்கள். தாயத்து கட்டியிருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் கிணற்றில் இறங்கி விளையாடச் சொன்னவர்கள் உண்டா? நாம் சொல்கிறோம்.

நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. அதனால் உலர்கிறது, எரிகிறது. இதற்கும் நீலத்துக்கும் என்ன சம்பந்தம்? குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதற்கு ஆதாரமுள்ள வழி ஒன்று உண்டு: அவர்களை வெளியே, வெளிச்சத்தில் விடுவது. தைவானில் 2010-ல், பள்ளிப் பிள்ளைகள் தினம் 120 நிமிஷம் வெளியில் இருக்க வேண்டுமென்று திட்டமே போட்டார்கள். அந்த மருந்தை எந்தக் கடையிலும் விற்க முடியாது. காசு கொடுத்து வாங்காத மருந்தில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்கு நம்பிக்கையும் கிடையாது.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? பேத்தியின் கையில் முதலில் செல்போனைக் கொடுத்தவன் நான். கதை எழுத எனக்கு நிசப்தம் வேண்டியிருந்தது. அப்படி எழுதி முடித்த கதைகள் மூன்று. அவற்றைப் பாராட்டிக் கடிதம் எழுதிய வாசகர்களுக்கு இந்தச் சமாசாரம் தெரியாது.

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேனாவை மூடிவிடுகிறேன். முதல் நாள் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டபோது அவள் அந்தக் கண்ணாடியைத் தேடினாள். “வேண்டாம், அப்படியே வா” என்றேன்.

“அங்கே வைஃபை வருமா தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே படியேறினாள்.