கொம்பு இடம் மாறிய அழைப்பிதழ்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு நம் மன்றம் அச்சிட்ட அழைப்பிதழை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்நூறு படிகள், வழவழப்பான தாள், ஓரத்தில் கரும்பு, நடுவில் பானை. குறை ஒன்றே. தலைப்பில் 'பொங்கல்' என்னும் சொல்லில், பகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே சென்று காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அரங்கின் வாயிலில் அதைக் கண்டு முதியோர் சிரித்தனர். நாமும் உடன் சிரித்தோம்.

வீடு திரும்பும்போது மற்றொன்று நெஞ்சை உறுத்தியது. அந்த அழைப்பிதழ் ஒரு வாரமாக எங்கள் வீட்டு மேசைமேல் கிடந்தது. நாம் அதைக் கூர்ந்து நோக்கவில்லை. அது நம் சோம்பல். ஆனால் பிள்ளைகள் பலமுறை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பிழையென்றே தோன்றவில்லை. பிழையைக் கண்டு சிரிப்பதற்கும் ஓரளவு எழுத்தறிவு வேண்டுமன்றோ?

அச்சகத்தாரை நொந்து பயனில்லை. மும்பையில் வாழும் அவர்களுக்கு மராத்தியும் இந்தியும் தெரியும், தமிழ் தெரியாது. நாம் அனுப்பிய வரிகளைத் தம் கணினியில் அப்படியே ஒட்டினர். யூனிகோடு முறையில் 'பொ' என்பது முதலில் பகரம், அடுத்து ஒகரக்குறி என்ற வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது மென்பொருளின் கடமை. இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி இயக்கப்படாவிடில், இரண்டும் பின்னே போய் நின்றுவிடும். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாதபோது அதைத் தடுப்பவர் யார்?

ஆதலின், நம் அழைப்பிதழை நாமே வடிவமைத்து, எவரும் எழுத்தைக் குலைக்க இயலாதவாறு அச்சகத்தில் கொடுப்பது என்று முடிவு செய்தோம். இத்தொழிலில் பெயர்பெற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். திருட்டுப் படியை ஏற்றித் தருவோரும் உண்டு. பிள்ளைகளின் கண்ணெதிரே அதைச் செய்ய மனம் இசையவில்லை. அப்போதுதான் கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் திரும்பினோம். விலையின்றிக் கிடைப்பது அவற்றின் சிறப்பில் ஒரு பாதியே. எவரும் பயன்படுத்தலாம், உள்ளமைப்பை ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளே அவற்றின் உயிர்.

நமக்குத் தேவைப்பட்டவை மூன்று. முதலாவது 'கிம்ப்'. 1995-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கியது. புகைப்படங்களைச் செப்பனிட அது உதவும். இரண்டாவது, 2003-இல் பிறந்த 'இங்க்ஸ்கேப்'. கோட்டோவியம், சின்னம், தலைப்பெழுத்து ஆகியவற்றுக்கு அதுவே ஏற்றது. மூன்றாவது 'ஸ்கிரைபஸ்'. படமும் எழுத்தும் சேர்த்துப் பக்கம் அமைப்பது அதன் வேலை. 2024-இல் வெளிவந்த இதன் 1.6-ஆம் பதிப்பு தமிழை முறையாகக் கோக்கிறது. பழைய 1.4-ஐ ஏற்றினால் மீண்டும் கொம்புத் தொல்லைதான்.

முதலிரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்தில் விளங்கவில்லை. இவ்வூர் வாயில்களில் வண்ணப்பொடி தூவி நிரப்பும் ரங்கோலியையும், நம் வீட்டு இழைக்கோலத்தையும் எண்ணிப் பார்த்ததும் விளங்கியது. கிம்பில் படம் என்பது வண்ணத் துகள்களின் பரப்பு. பெரிதாக்கினால் துகள் துகளாகத் தெரியும். இங்க்ஸ்கேப் காப்பதோ கோடு செல்லும் வழியை. எத்துணை பெரிதாக்கினும் கோடு புதிதாகவே இழுக்கப்படும். ஆகவே மன்றத்தின் சின்னத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்தால், முத்திரைக்கும் அரங்கின் பதாகைக்கும் அது ஒன்றே போதும்.

கற்ற முறையையும் கூறுவோம். கருவிகளை ஒவ்வொன்றாகப் பயிலத் தொடங்கி ஒரு மாதத்தை வீணாக்கினோம். ஒன்றும் மனத்தில் தங்கவில்லை. பின்னர்ப் பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றை முன்வைத்து, அதைப் போலவே ஒன்று செய்ய முனைந்தோம். தேவை வந்தபோது மட்டும் கருவியைத் தேடினோம். அதன்பின் கல்வி ஓடத் தொடங்கியது.

தமிழுக்கே உரிய சில பாடங்களும் கிடைத்தன. நம் எழுத்துகளில் மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. ஆகவே ஆங்கிலத்தைவிட வரிகளுக்கிடையே இடம் மிகுதியாக விட வேண்டும். நீண்ட சொல்லை அடக்க எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கலாகாது. அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு சொல்லைத் தேடலாம். ஒரு தாளில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டா. நாளும் நேரமும் இடமும் ஒரே பார்வையில் கண்ணில் பட வேண்டும்; எஞ்சிய வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடத் துணிய வேண்டும். மலர்க்கொத்தால் அதை நிரப்பும் ஆசையை அடக்குவதே எல்லாவற்றினும் கடினமாயிருந்தது.

எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்த மலர், பலூ தம்பி ஆகியவை திறந்த உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றுள் பின்னிரண்டும் நம் மும்பையிலுள்ள 'ஏக் டைப்' நிறுவனத்தார் ஆக்கியவை என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

அச்சுக்கு அனுப்புமுன் கருத வேண்டியவை நான்கு. புகைப்படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது கொண்டிருக்க வேண்டும், 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் உள்ள ஏ5 தாளை நிரப்ப 1748-க்கு 2480 புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப் வழியே சுருங்கி வரும் படங்கள் பெரும்பாலும் இதற்குப் போதா. வெட்டுவதற்காக நாற்புறமும் 3 மி.மீ. வண்ணத்தை நீட்டிவிட வேண்டும். திரையில் ஒளிரும் நீலம் தாளில் மங்கும். நான்கு மைகளுக்கேற்பக் கோப்பை ஆக்கும் வசதி ஸ்கிரைபஸில் உண்டு. இறுதியாக, தலைப்பெழுத்துகளை இங்க்ஸ்கேப்பில் கோட்டுருவாக மாற்றி, முழுவதையும் பி.டி.எப். கோப்பாகக் கொடுத்தால், அச்சகக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் கொம்பு இடம் பெயராது.

இக்கல்வியில் நாம் எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. பதின்மூன்று வயதான எங்கள் மகள் தமிழ் பேசுவாள், படிப்பதென்றால் ஓடிவிடுவாள். ஆனால் எழுத்தைக் கோட்டுருவாக்கி, கணுக்களைப் பிடித்து வளைக்கும் விளையாட்டு அவளை ஈர்த்தது. ழகரத்தின் சுழியை ஒரு மாலை முழுதும் வளைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "அப்பா, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, எப்படி அடையாளம் காண்பது?" என்று வினவினாள். ரகரத்தின் அடியில் உள்ள சாய்கோட்டைக் காட்டினோம். ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ் படிக்கும் நாம் அக்கோட்டை நின்று நோக்கியது அன்றுதான்.

இவ்வாண்டு அழைப்பிதழுக்காகப் பழைய இதழொன்றின் வரிகளை எழுத்துணரியால் எடுத்தோம். இருவர் இருமுறை மெய்ப்புப் பார்த்து, குற்றமில்லை என்றோம். கோப்பை அனுப்பவிருந்த இரவில் மகள் திரையைச் சுட்டிக்காட்டினாள். 'விழா' என்பது 'விழர' என்றிருந்தது. "இதற்குக் கீழே சாய்கோடு இருக்கிறது, அப்பா. இது கால் அன்று" என்றாள்.

பிழை நீங்கியது சிறு செய்தி. அதைக் கண்டவர் யார் என்பதே நமக்குப் பெரிது. அன்பர்கள் தத்தம் இல்லங்களில் இம்முயற்சியைத் தொடங்குக. வாழ்த்து மடலோ, பிறந்தநாள் அழைப்போ, எதுவாயினும் ஆகுக. எழுத்தை வளைக்கும் வேலையை மட்டும் பிள்ளைகள் கையில் விடுக.