‘பாவம்’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் வாங்க வரிசையில் நின்றபோதுதான் அந்தச் சண்டை வந்தது. தலைப்பிரட்டையின் மூளைக்குள் மின்முனை வைத்த ஹார்வர்ட் ஆய்வைப் பற்றிய செய்தியை நண்பரிடம் காட்டினேன். கவிதை எழுதுகிறவர். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, “பாவம்லா, அதையும் மெஷினாக்கிட்டானுங்க” என்றார்.

இரக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. படிக்காமலே இரக்கப்பட்டதில்தான் கோபம்.

அது ஜியா லியூ குழுவினர் 2025 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. தவளைக் கருவில் மூளை முதலில் ஒரு தட்டையான ஏடு. பிறகு அது தானே மடிந்து குழாயாகி மூளையாக வளர்கிறது. அந்த ஏட்டின் மேல், ஒரு மைக்ரானைவிட மெல்லிய மின்முனை வலையை வைத்தார்கள். ஏடு மடிய மடிய வலையும் இழுபட்டு உள்ளே பரவியது. மூளைக்குள் ஊசி குத்தவில்லை. மூளை வளர வளர, தனித்தனி நியூரான்களின் துடிப்பு மில்லிவிநாடிக் கணக்கில் பதிவானது. வளர்ச்சியிலோ நடத்தையிலோ பாதிப்பு இல்லை என்று சோதித்துச் சொல்கிறார்கள்.

பழைய முறையில் தலைப்பிரட்டையை மயக்கி, மூளையைத் திறந்து, நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒரு நியூரானில் ஒட்டவேண்டும். சில மணி நேரம் கேட்கலாம். நாளைக்கு அதே நியூரான் கிடைக்காது.

நான் இங்கேயே படித்து, பாயான் லெப்பாஸில் சிப்புகளுக்குத் தங்கக் கம்பி இணைக்கும் பிரிவில் வேலை செய்பவன். எங்கள் கம்பி 25 மைக்ரான். சிலிக்கானோ மூளைத் திசுவைவிடக் கோடி மடங்குக்கு மேல் விறைப்பு. எங்கள் லைனில் பொருள்தான் மெஷினுக்கு அடங்கவேண்டும். இந்த ஆய்வில் கருவிதான் உயிருக்கு வளைந்து கொடுக்கிறது. நண்பர் சொன்னதற்கு நேர் எதிர்!

பயப்பட வேண்டிய இடம் வேறு. அதே கட்டுரையில், ஆக்சலாட்டில் இழந்த உறுப்பு மீண்டும் வளரும்போது மூளையைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை; மின்சாரம் செலுத்தி அந்த வளர்ச்சியையே மாற்றியும் காட்டினார்கள். கேட்பது வேறு, தலையிடுவது வேறு. கருவுக்குச் சம்மதம் சொல்லத் தெரியாது. நாளை யாருடைய கருவில், யாருடைய அனுமதியோடு?

இது இலக்கியவாதி கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் கட்டுரையை அந்த இடம்வரை படித்தவருக்குத்தான் அது தோன்றும். ‘பாவம்’ சொன்னவர் அன்று கோழிதான் வாங்கினார். குறை சொல்லவில்லை, நானும்தான்.

திட்டுங்கள், தாராளமாக. படித்துவிட்டுத் திட்டுங்கள்.