யாரிடம் சரிபார்த்த அளவுகோல்?

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் நீட்டும் தாள்களில் மிகப் பரவலானது பிஎச்க்யூ-9. 2001இல் வெளியானது. 9 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்கிறார்கள்.

ஆட்டிசப் பண்புகளோடு வாழும் ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். தூக்கம் கெடுகிறதா? சிறுவயது முதலே அப்படித்தான். பசியில்லையா? பல உணவுகளின் வாசம் அவளுக்கு என்றுமே ஒத்துக்கொண்டதில்லை. கவனம் சிதறுகிறதா? டியூப்லைட் இரையும் அறையில் வேறென்ன நடக்கும்? பிறர் கவனிக்கும்படி நிலைகொள்ளாமல் அசைகிறாளா? கையை அசைத்தால்தான் அவளுக்கு மனம் அடங்கும். நான்குக்கும் 3 போட்டால் 12. துளித் துயரமும் இல்லாமல் அவள் நோயாளி.

மறுபக்கம் இன்னும் கொடியது. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் திணறுவது ஆட்டிசம் உள்ளவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. நம்பிக்கையற்று உணர்கிறீர்களா என்று கேட்டால், உள்ளே நொறுங்கிக்கொண்டிருப்பவளும் 0 போடக்கூடும். நெஞ்சு அடைப்பதை, பேச்சு நின்றுபோவதை அந்தத் தாள் கேட்பதே இல்லை. பெண் என்றால் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் மருத்துவர் முன்னும் சிரிக்கிறாள். ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இது தற்செயல் அல்ல. 1943இல் லியோ கன்னர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் சிறுவர்கள். மறுஆண்டு ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்ததும் சிறுவர்களையே. ஆட்டிசத்துக்கு ஆண்பிள்ளை முகம் நிலைத்துவிட்டது. வளர்ந்த பெண்ணிடம் அதுவே பிடிவாதம், படபடப்பு, திமிர் என்று பெயர் வாங்குகிறது.

‘சரிபார்த்த கருவிதானே?’ என்பார்கள். ஆம், 6,000 பேரிடம் சரிபார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மகப்பேறு, மகளிர் மருத்துவ மையங்களுக்கு வந்தவர்கள். ஆனால் ஆட்டிசப் பண்புகள் அந்தக் கணக்கில் இல்லை. பெண்களைச் சேர்த்துவிட்டாலே எல்லாப் பெண்களையும் சேர்த்ததாகிவிடாது.

தாளைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. கூட்டுத்தொகையோடு நிறுத்தாதீர்கள் என்கிறோம். ‘இது எப்போதிலிருந்து? இப்போது என்ன மாறியிருக்கிறது?’ என்று கேளுங்கள். உடம்பைப் பற்றிக் கேளுங்கள். எழுதிப் பதில் சொல்ல விடுங்கள். கேள்விகளை ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். தற்கொலை எண்ணத்தை அறியும் கேள்வித்தாள் ஒன்றை பிரிட்டன் ஆய்வாளர்கள் அப்படித்தான் திருத்தி அமைத்தார்கள். ஆகவே முடியாது என்று சொல்ல வழியில்லை.

தவறான 12 வேண்டாத மாத்திரையைத் தரும். தவறான 0 ஒரு உயிரையே வாங்கக்கூடும். இரண்டுக்கும் விலை கொடுப்பவள் அளக்கப்படுபவள். அளவுகோலைச் செய்தவர்கள் அல்ல.