கபாலா படிக்கப் புகுவோர்க்கு

பகலில் வேலை செய்து இரவில் கபாலா என்னும் யூத மறைஞானம் படிக்க ஆசைப்படுகிறவனுக்கு அதன் போதகர்களில் சிலர் சொல்லும் முதல் புத்தி, அர்த்தம் தெரியாவிட்டாலும் ஜோஹார் புத்தகத்தின் எழுத்துகளைக் கண்ணால் பார்த்தாலே போதும், ஒளி வரும் என்பதாகும். அப்படியானால் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவனல்லவா முதல் ஞானி?

வேறு சிலர் 40 வயதாகட்டும் என்கிறார்கள். 1665-ல் சபதாய் ஸெவி என்பவர் தாமே மீட்பர் என்று கிளம்பிய போது, கபாலாப் பண்டிதர் பேச்சை நம்பிச் சொத்தை விற்றுப் புறப்படத் துணிந்த யூதர்கள் உண்டு. மறு வருஷமே அவர் சுல்தானுக்குப் பயந்து மதம் மாறிவிட்டார். இவ்விதக் கூத்துகளுக்கு அஞ்சி 1756-ல் பிராடி நகரத்து ரபிகள் ஜோஹாருக்கு 30 வயதென்றும், ஐசக் லூரியாவின் போதனைகளுக்கு 40 வயதென்றும் வரம்பு கட்டினார்கள். லூரியாவோ 1572-ல் 38-ம் வயதில் செத்தவர்! தம் போதனையைத் தாமே படிக்க யோக்கியதையில்லாதவரா அவர்? அவர் எகிப்தில் மிளகு வியாபாரமும் செய்தவர். ஆகையால் பிழைப்பை விட்டால்தான் ஞானம் என்பதும் வெறும் புரட்டே.

ஜோஹார் 2-ம் நூற்றாண்டு ரபி ஒருவர் வாக்கு என்பார்கள். அது வெளிவந்ததோ 13-ம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினில். பெரும்பகுதியை எழுதியவர் அங்கிருந்த மோசஸ் டி லியோன் என்று, அதன் பாஷையைச் சோதித்து ஷோலெம் என்ற யூத அறிஞரே 1941-ல் எடுத்துக்காட்டினார்.

படிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஷோலெம் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு தாராளமாய்ப் படிக்கட்டும். இத்தனை காலம் விலக்கி வைத்திருந்த வீட்டுப் பெண்களையும் கூட உட்கார்த்திக் கொள்ளட்டும். கண்ணேறு போக்கும் சிவப்புக் கயிறு என்று விற்க வருகிறவனுக்கு மாத்திரம் கூலிப்பணத்தில் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.