பெயர்ப் பலகையும் நிலப் பத்திரமும்

யுத்தத்திற்குச் சென்றவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைப்பது பல நாட்டு மக்களுக்கும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், உழுது பிழைக்கும் குடும்பத்திலிருந்து ஒருவன் போர்முனைக்குச் சென்றபோது அவனுடைய நிலத்தைக் காத்தவர் யார் என்பதை அக்கல் கூறுவதில்லை. இது சிறிய குறையன்று என்பது நம் கருத்து. இதனை விளக்க, அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியக் குடியானவர்களின் வரலாற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

கலிபோர்னியா மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்பது ஓர் ஊர். ஸான்பிரான்சிஸ்கோவில் பத்திரிகை நடத்திவந்த க்யூதாரோ அபிகோ என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலம் வாங்கி, ஜப்பானியக் குடும்பங்களைக் குடியேற்றினார். மணற்பாங்கான அத்தரையில் அவர்கள் திராட்சையும் பீச்சு மரங்களும் பயிரிட்டனர். பின்னர் க்ரெஸ்ஸி, கார்ட்டெஸ் என்னும் இடங்களிலும் இத்தகைய குடியேற்றங்கள் உண்டாயின. தனித்தனியே விற்றால் வியாபாரி வைத்ததே விலையாகும் என்பதை உணர்ந்து, அவர்கள் சங்கங்களும் அமைத்துக்கொண்டனர். கார்ட்டெஸ் சாகுபடியாளர் சங்கம் 1924-இல் தோன்றியது.

சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்தவர்கள் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாது. பிரஜைகளாக முடியாதவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்று 1913-இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. 1920-இல் அச்சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. அந்நாட்டிலேயே பிறந்ததனால் பிரஜைகளான தம் மக்களின் பெயரில் நிலம் வாங்கிப் பெற்றோர் பலர் பாடுபட்டனர்.

1941 டிசம்பரில் யுத்தம் மூண்டது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 என்னும் எண்ணுள்ள உத்தரவில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகள். மூட்டை முடிச்சுகளைக் கட்டுவதற்குச் சில நாட்களே அவகாசம். வந்த விலைக்கு விற்றவர் பலர். விற்கவும் வழியின்றி இழந்தவர் பலர்.

இந்நெருக்கடியில் லிவிங்ஸ்டன், க்ரெஸ்ஸி, கார்ட்டெஸ் குடியானவர்கள் தனித்தனியே ஓடவில்லை. மூன்று ஊராரும் கூடிப் பேசி, பொது நிர்வாகி ஒருவரை அமர்த்தி, தம் தோட்டங்களை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றனர். அவர்கள் முதலில் மெர்ஸெட் நகரிலும், பின்னர் கொலராடோ மாநிலத்து அமாச்சியிலும் அடைபட்டுக் கிடந்தபோது தோட்டங்கள் தரிசாகிவிடவில்லை. யுத்தம் முடிந்து மீண்டபோது தம் நிலத்திற்கே திரும்பும் பேறு அக்குடும்பங்களுட் பலவற்றுக்குக் கிடைத்தது.

ஸாக்ரமென்டோவை அடுத்த ப்ளோரின் என்னும் ஊரில் பாப் பிளெட்சர் என்பவர், தாம் பார்த்த விவசாய இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டு, மூன்று ஜப்பானியக் குடும்பங்களின் திராட்சைத் தோட்டங்களைக் காத்துக் கொடுத்தார். 2013-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்த அப்பெரியவரின் நற்செயல் போற்றற்குரியதே. ஆனால் அத்தகைய மனிதர் எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை. நல்லவர் ஒருவர் வருவாரோ என்று காத்திராமல், ஊரார் தாமே ஏற்பாடு செய்துகொள்வதற்கு வழி சங்கம். அதற்கும் ஓர் எல்லை உண்டு: சொந்த நிலம் இருந்தவருக்கே காப்பதற்கு நிலம் இருந்தது. குத்தகைக்கு உழுதவர் வெறுங்கையுடனேயே சென்றனர்.

இனிப் போர்முனையைப் பார்ப்போம். ஜப்பானிய வமிசத்து இளைஞர்களைக் கொண்ட 442-ஆம் படைப்பிரிவு 1943-இல் அமைக்கப்பட்டது. பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, மக்கள் பட்டாளத்தில் சேர்ந்தனர். 1944 அக்டோபரில் பிரான்சின் மலைக்காட்டில் பகைவரால் சூழப்பட்ட 211 அமெரிக்க வீரர்களை அவர்கள் மீட்டனர். அம்முயற்சியில் அவர்களில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர்.

அதற்கு அடுத்த மாதமே, ஆரிகன் மாநிலத்தில் பழத்தோட்டங்கள் மிகுந்த ஹூட் ரிவர் என்னும் ஊரில், யுத்தத்திற்குச் சென்றவர்களின் பெயர்ப் பலகையிலிருந்து ஜப்பானிய வமிசத்தார் 16 பேரின் பெயர்கள் அழிக்கப்பட்டன. அழித்தவர்கள் பழைய போர்வீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையினர். அப்பதினாறு பேருள் ஒருவரான பிராங்க் ஹச்சியா, 1945 ஜனவரியில் பிலிப்பைன் தீவுகளில் உயிர் நீத்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே, அழித்த பெயர்களை மீண்டும் எழுத நேர்ந்தது.

கூட்டம் கூடித் தீர்மானித்தால் பெயரை எழுதவும் இயலும், அழிக்கவும் இயலும் என்பதை ஹூட் ரிவர் காட்டுகிறது. கூட்டம் கூடித் தீர்மானித்தால் இல்லாதவரின் நிலத்தைக் காக்கவும் இயலும் என்பதை லிவிங்ஸ்டன் காட்டுகிறது. கூடும் கூட்டம் எதற்காகக் கூடுகிறது என்பதே வேறுபாடு.

1952-இல் பிரஜா உரிமைத் தடை நீங்கிற்று. நிலச் சட்டமும் அவ்வாண்டே நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 1988-இல் அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிருடனிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலர் அளிக்கச் சட்டம் செய்தது. 2010-இல் அவ்வீரர்களுக்குக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கவும் சட்டம் நிறைவேறிற்று. அமாச்சி முகாம் இருந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022-இல் பிறந்தது. இவையெல்லாம் நல்லனவே, ஆனால் காலந்தாழ்ந்து வந்தவை. சங்கத்தின் உதவியோ வேண்டிய நாளில், வேண்டிய இடத்தில் கிடைத்தது.

உயிரைக் கொடுத்தவனையும் கணக்கு எழுதியவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சிலர் வினவலாம். நாம் அவ்வாறு வைக்கவில்லை. உயிருக்கு ஈடு எதுவுமில்லை. ஆயினும், போருக்குச் சென்றவன் எதை விட்டுச் சென்றான், திரும்பியவன் எதனிடம் திரும்பினான் என்பதைச் சொல்லாத நினைவுச் சின்னம் பாதி வரலாற்றையே சொல்கிறது. ஒரு குடும்பம் தன் நிலத்தின் கதையை எழுதும்போது வீரனின் படத்தோடு சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தின் ஏட்டையும் சேர்த்து வைப்பதே முறை.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நம் வேண்டுகோள் இது. உங்கள் சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களைச் செல்லரிக்க விடாதீர்கள். எவர் வீட்டுத் தறி நின்றபோது எவர் கை கொடுத்தார், எவர் நிலம் ஏலத்திற்கு வந்தபோது சங்கம் என்ன செய்தது என்பவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கல் நாட்டப் பணம் வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.