உறுதிமொழியா, உத்தரவாதமா? உக்ரைன் சொல்லித்தரும் பாதி பாடமும் மீதி பாடமும்

சர்வதேச உறவுகள் வகுப்பில் உக்ரைன் பேச்சு வந்தால், இந்தக் கேள்வி வராமல் இருக்காது: ‘அணு ஆயுதத்தைக் கையிலேயே வச்சிருந்தா, ரஷ்யா உள்ள வந்திருக்குமா?’ கேள்வியோடு சேர்ந்தே முடிவும் வந்துவிடும்: ‘பலம் இருக்கிறவன் வச்சதுதான் சட்டம். ஒப்பந்தம் எல்லாம் வெறும் காகிதம்.’

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இது பாதி பாடம். மீதி, 1994-ல் புடாபெஸ்ட் நகரில் கையெழுத்தான ஒரு சிறிய ஆவணத்துக்குள் இருக்கிறது. அமைதிப் பேச்சு என்றாலே உக்ரைன் ஏன் ‘பாதுகாப்பு உத்தரவாதம்’ கேட்கிறது என்பதும் அதைப் படித்தால்தான் புரியும்.

அது என்ன ஒப்பந்தம்?

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது, அதன் அணு ஆயுதங்கள் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் என நான்கு நாடுகளில் இருந்தன. உக்ரைன் மண்ணில் மட்டும் சுமார் 1,900 நீண்ட தூர அணு ஆயுதங்கள். எண்ணிக்கையில் பார்த்தால் அமெரிக்கா, ரஷ்யாவுக்கு அடுத்து உலகிலேயே மூன்றாவது இடம்.

1994 டிசம்பர் 5 அன்று உக்ரைன் அதிபர் லியோனிட் குச்மா, ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின், அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர் ஆகியோர் புடாபெஸ்டில் கையெழுத்திட்டார்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில், அணு ஆயுதம் இல்லாத நாடாக உக்ரைன் சேர வேண்டும். பதிலுக்கு மற்ற மூன்று நாடுகளும் உக்ரைனின் சுதந்திரத்தையும் எல்லைகளையும் மதிக்கும். படைபலத்தையோ பொருளாதார நெருக்கடியையோ அதன் மீது பயன்படுத்தாது. இதுதான் டீல். 1996-ன் மத்தியில் கடைசி அணு ஆயுதமும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போ உக்ரைன் ஏமாந்துவிட்டதா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆயுதம் இருந்தது உக்ரைன் மண்ணில். ஏவும் கட்டுப்பாடு இருந்தது மாஸ்கோவிடம். பூட்டு வீட்டில், சாவி அடுத்தவரிடம் என்கிற நிலை. பராமரிக்கப் பெரும் பணம் வேண்டும், பொருளாதாரமோ சரிந்துகொண்டிருந்தது. 1986 செர்னோபில் விபத்தின் காயமும் ஆறியிருக்கவில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்தே அழுத்தம் கொடுத்தன. அணுமின் நிலையங்களுக்கான எரிபொருளும் ஈடாகக் கிடைத்தது.

‘உக்ரைன் அணு ஆயுதத்தை விடக் கூடாது’ என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜான் மெர்ஷைமர் 1993-லேயே எழுதினார். இப்போது படித்தால் தீர்க்கதரிசனம் போலத் தெரியும். ஆனால், அன்றைக்கு இருந்த உக்ரைனுக்கு அது கையில் எட்டும் தூரத்தில் இருந்த வழியா என்பது சந்தேகம்தான்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆவணத்தின் உக்ரைனிய, ரஷ்யப் பிரதிகளில் ‘உத்தரவாதம்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆங்கிலப் பிரதியில் இருப்பது அதைவிட எடை குறைந்த ‘உறுதிமொழி’.

வித்தியாசம் என்ன? வங்கிக் கடன் வாங்கும்போது ‘கவலைப்படாதே, நான் இருக்கேன்’ என்று சொல்லும் நண்பர் வேறு. ஜாமீன் கையெழுத்துப் போடும் நண்பர் வேறு. முதலாமவர் உறுதிமொழி தருகிறார். இரண்டாமவர் மாட்டிக்கொள்கிறார்.

உக்ரைனுக்குக் கிடைத்தது முதல் வகை. அணு ஆயுதத்தால் தாக்கப்பட்டால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலிடம் உதவி கோருவோம், இந்த வாக்குறுதிகள் குறித்துக் கேள்வி எழுந்தால் கலந்து பேசுவோம். இதைத் தாண்டி, யாராவது மீறினால் என்ன தண்டனை, யார் வந்து காப்பாற்றுவார் என்று எதுவும் இல்லை.

2014-ல் ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியபோது பாரிஸில் அந்தக் ‘கலந்து பேசும்’ கூட்டம் நடந்தது. ரஷ்யா வரவில்லை. 2022 பிப்ரவரி 24-ல் முழு அளவிலான போர். மறுநாள் பாதுகாப்பு கவுன்சிலில் 11 நாடுகள் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்தன. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் வாக்களிக்கவில்லை. ரஷ்யா வீட்டோ போட்டது, தீர்மானம் தோற்றது. மார்ச் 2-ல் பொதுச் சபையில் 141 நாடுகள் ரஷ்யாவுக்கு எதிராக வாக்களித்தன. ஆதரவாக நின்றவை 5 மட்டுமே. ஆனால், பொதுச் சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.

காகிதம் வீண்தானா?

இங்கேதான் மாணவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்றால், உலகின் மிகப் பெரிய வல்லரசு ஒரு சொல்லுக்காக ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது? ‘உத்தரவாதம்’ என்று எழுதிவிட்டால் நாளைக்கு உக்ரைனுக்காகப் படை அனுப்ப வேண்டியிருக்கும் என்று வாஷிங்டனுக்குத் தெரியும். காகிதத்தைப் பார்த்து பலசாலிகளும் பயப்படுகிறார்கள்.

ரஷ்யாவும் ‘எனக்குப் பலம் இருக்கிறது, எடுத்துக்கொண்டேன்’ என்று சொல்லவில்லை. புரட்சியால் உருவானது புதிய நாடு என்றால், அதனுடன் எந்த ஒப்பந்தமும் போடவில்லையே என்று 2014-ல் புதின் வாதிட்டார். காகிதத்தை மீறியவருக்கும் ஒரு காகித நியாயம் தேவைப்பட்டது.

இன்னொரு சாட்சி, ரஷ்யாவின் பக்கத்து நாடான பின்லாந்து. பல பத்தாண்டுகள் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்த அது, 2022-க்குப் பிறகு அணுகுண்டு செய்யக் கிளம்பவில்லை. 2023-ல் நேட்டோவில் சேர்ந்தது. 2024-ல் ஸ்வீடனும் சேர்ந்தது. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்கிறது நேட்டோவின் 5-வது பிரிவு. அதிலும்கூட என்ன உதவி செய்வது என்பதை ஒவ்வொரு நாடும்தான் முடிவு செய்யும். ஆனால், அந்த வரிக்குப் பின்னால் படைகளும் தளங்களும் கூட்டுப் பயிற்சிகளும் இருக்கின்றன. பலம் இல்லாத காகிதம் எப்படி நிற்காதோ, அப்படித்தான் காகிதம் இல்லாத பலத்தையும் யாரும் நம்புவதில்லை.

தவறான பாடத்தின் விலை

2003-ல் லிபியா தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. 2011-ல் கடாஃபி கொல்லப்பட்டார். அதே 2003-ல் வடகொரியா பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. 2006-ல் முதல் அணு சோதனை நடத்தியது. அங்கே ஆட்சி இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டோடு உக்ரைனையும் சேர்த்துப் பார்க்கும் எந்தச் சிறிய நாட்டுக்கும் குண்டு செய்யும் ஆசை வரும். இன்று அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் 9. அது 20 ஆனால் யாருக்குப் பாதுகாப்பு?

எனவே, ‘ஒப்பந்தமே வேண்டாம்’ என்பதல்ல உக்ரைனின் பாடம். மீறினால் விலை என்னவென்று எழுதாத ஒப்பந்தம் போதாது என்பதுதான். அடுத்த முறை அமைதி ஒப்பந்தம் என்று போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால், யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். மீறினால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள், அதைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள். வல்லரசுகளின் கையெழுத்து புடாபெஸ்ட் காகிதத்திலும் இருந்தது. ஒன்றல்ல, மூன்று.